அவர் நடையைக் கலைக்கும் பாலம்

என் வீட்டுக்காரர் நடந்து நான் பார்த்ததில்லை. மார்ச் பண்ணித்தான் பார்த்திருக்கிறேன். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பியபோது, ஓர் இரும்புப் பெட்டியையும் இரண்டு கம்பளியையும் அந்த நடையையும் கொண்டுவந்தார். முதுகு விறைத்திருக்கும். கை ஒரே உயரத்துக்குப் போய் ஒரே உயரத்துக்குத் திரும்பும். இடது கால் விழும் சத்தத்துக்கும் வலது கால் விழும் சத்தத்துக்கும் இடையில் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. உப்பு வாங்கக் கடைக்குப் போனாலும் எல்லைக் காவலுக்குப் போகிற மாதிரிதான் போவார். எங்கள் தெரு நாய்கள் முதல் ஒரு மாதம் அவரைக் கண்டால் குரைக்காமல் ஒதுங்கிப் போயின.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது ஒன்றுதான் நாங்கள் சேர்ந்து போகும் பயணம். சேர்ந்து என்பது பேச்சுக்குச் சொல்வது. அவர் முன்னால் போவார், நான் பின்னால் ஓடுவேன். எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, நெல் வயல்களைத் தாண்டி இருந்தது. இடையில் பழவேற்காட்டு ஏரிப் பக்கம் போகும் ஓர் ஓடை. மாதா கோயில், ரயில் ஸ்டேஷன், கடைத்தெரு எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம்தான். ஓடையின் மேல் பனந்தடிகளை ஊன்றிப் பலகை அடித்து ஒரு பாலம் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகலாம். எதிரே சைக்கிள் வந்தால் ஒருவர் பின்னால் ஒதுங்க வேண்டும். என் காலுக்கு ஐம்பது அடி நீளம். நடக்கும்போது லேசாக ஆடும்.

அவர் திரும்பி வந்த முதல் ஞாயிறு, முந்தானையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தில் கால் வைத்ததும் அவர் நடை மாறியது. ஓர் அடி எட்டி விழுந்தது, அடுத்தது குறுகி விழுந்தது. ஒரு கால் பலகையில் இழுபட்டது. கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர்கள்கூட அதைவிட ஒழுங்காக நடப்பார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. ஓடிப்போய் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன்.

"கால்ல முள்ளு கிள்ளு ஏறிச்சாங்க?"

"இல்ல. பாலம்."

"பாலத்துக்கு இன்னா?"

"பாலத்து மேல லெஃப்ட் ரைட் போடக் கூடாது. நூறு பேரு ஒரே நேரத்துல ஒரே கால வெச்சா பாலம் ஆட ஆரம்பிக்கும். அது ஆடறதும் நாம கால் வெக்கறதும் ஒண்ணா சேந்துக்கினா, அடிக்கு அடி ஆட்டம் ஏறிக்கினே போவும். கடைசீல பிச்சிக்கினு உழுந்துரும். அதுக்குத்தான் பாலம் வந்தா ஹவில்தார் கத்துவாரு. அவனவன் இஷ்டத்துக்கு நடன்னுவாரு."

"மனுசன் கால் வெச்சா உழுறதுக்கா பாலம் கட்டறாங்க?"

"கனத்துல இல்லம்மே, நேரத்துல கீது விஷயம். தூளிய ஆட்டற மாதிரி. அது திரும்பி வர்ற நேரம் பாத்து ஒரு வெரலால தள்ளுனாலே போதும், அது பாட்டுக்கு..."

அதோடு நிறுத்திவிட்டார். பாலமும் முடிந்துவிட்டது. மண்ணில் கால் பட்டதும் கை வீச்சு திரும்ப வந்தது, அவர் முன்னால் போய்விட்டார். தூளி என்ற சொல்லை அவர் வாயால் கேட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தாள். பாகிஸ்தானோடு சண்டை நடந்த வருஷம் பிறந்தாள். அவளுக்கு மூன்று மாதம் ஆனபோது அவர் லீவில் வந்தார். வந்த இருபது நாளும் தூளிக் கயிறு அவர் கையில்தான் இருந்தது. என்னிடம்கூடக் கொடுக்க மாட்டார். அடுத்த மழைக்காலத்தில், பதினோராவது மாதத்தில், காய்ச்சலில் போய்விட்டாள். கோயில் உபதேசியார் நாலு வரி எழுதிப் போட்டார். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, மனதைத் திடப்படுத்திக்கொள்ளவும், அடுத்த மழைக்குள் கூரையை மாற்றிவிடவும் என்று எழுதியிருந்தார். கூரை! அந்தக் கடிதத்தை நான் ஏழு முறை படித்தேன். குழந்தையைப் பற்றி ஏதாவது மடிப்பில் ஒளிந்திருக்கிறதா என்று இன்லண்டு தாளைக் கிழித்துக்கூடப் பார்த்தேன்.

பிறகு லீவில் வந்தபோது, நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த தூளியை அவிழ்த்து எங்கேயோ வைத்துவிட்டார். அது எங்கே என்று நானும் கேட்கவில்லை. குழந்தை எப்படிப் போனாள், யார் கூட இருந்தது, எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. அவர் கேட்டால்தான் சொல்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நானாகச் சொல்ல மாட்டேன். பெற்றவருக்கு இல்லாத அக்கறையை நான் எதற்கு வாயில் ஊட்டிவிட வேண்டும்? ரோஷம்தான். அந்த வயதில் என்னிடம் வேறு சொத்து எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஆடிக்கு ஒருதரம் அமாவாசைக்கு ஒருதரம் என்று வந்து போகிறவரோடு என்ன குடும்பம் நடத்த முடியும்? மாமனாருக்குச் சோறு போட்டுக்கொண்டு, நாற்று நடப் போய்க்கொண்டு காலத்தைத் தள்ளினேன். மாமனார் போன பிறகு வீட்டில் நான் ஒருத்தி. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் முளைக்க ஆரம்பித்தபோது, ஆணி செய்கிற ஒரு ஷெட்டில் எனக்கு வேலை கிடைத்தது. ஆணியை அட்டைப்பெட்டியில் அடைத்துச் சீட்டு ஒட்டுகிற வேலை. தினம் பாலத்தைத் தாண்டி, ஸ்டேஷனுக்குப் போய், பாசஞ்சர் வண்டியில் மற்றப் பெண்களோடு நின்றுகொண்டே போய் வருவேன். கம்பெனியில் மெஷின் சத்தம் காதைப் பிளக்கும், யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

அவர் நிரந்தரமாக வரப்போகிறார் என்று தெரிந்ததும் சுவருக்கு வெள்ளை அடித்தேன். பைத்தியக்காரி மாதிரி காத்திருந்தேன். வந்தார். கும்மிடிப்பூண்டியிலேயே வேறொரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. காலையில் போர்வையை நான்கு மூலையும் ஒட்ட மடிப்பார். செருப்பைச் சுவரோடு நேராக வைப்பார். தட்டில் போட்டதைத் தின்பார். உப்பு இல்லை என்றாலும் சொல்ல மாட்டார். ஏதாவது கேட்டால் ஆமா, இல்ல, பாக்கலாம். கல்லுளிமங்கன் என்று சொல்வார்களே, அந்த மங்கனுக்கே அண்ணன். அவர் இல்லாத வருஷங்களில் தனிமைக்கு ஒரு காரணம் இருந்தது, கேட்கிறவர்களிடம் சொல்லலாம். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வந்த தனிமையை யாரிடம் போய்ச் சொல்வது? அது தாங்க முடியாததாக இருந்தது.

எனவே அந்தப் பாலத்தைப் பிடித்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒருமுறை, ஐம்பது அடி தூரம், அவர் என் பக்கத்தில் நடந்தார். கோயிலுக்குள் போனால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். திரும்பும்போது கடைத்தெருவில் நாலு பேரோடு நின்று பேசிவிட்டு வருவார். போகும்போது உள்ள ஐம்பது அடிதான் எனக்கு. அதற்காக வீட்டிலிருந்தே பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போவேன். ஆனால் ஓடைக்கரை வந்ததும் எல்லாம் மறந்துபோகும். பெட்டைக்கோழி அடை வைத்தது, பக்கத்து வீட்டில் சண்டை, கம்பெனியில் புது சூப்பர்வைசர் என்று எதையாவது உளறுவேன். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே காலை இழுத்து இழுத்து வைப்பார். முப்பதாவது அடியில் இப்போது கேட்டுவிடுவார் என்று தோன்றும். நாற்பதாவது அடியில் இனி அடுத்த வாரம்தான் என்று தெரிந்துவிடும்.

ஓடையில் மீன் பிடிக்க வரும் பெண்களுக்கு எங்களைப் பார்ப்பது வேடிக்கை. "இன்னாக்கா, உங்க ஊட்டுக்காரரு ரோட்டுல சிப்பாயி, பாலத்து மேல குடிகாரரா?" என்று ஒருத்தி கத்துவாள். "பாலத்து மேலயாவது மனுசரா கீறாரே, அத பாரு" என்று நான் பதில் கொடுப்பேன். சிரித்துக்கொண்டுதான் சொல்வேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். அதற்கு முதல் நாளே கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூவும் மெழுகுத்திரியும் வைப்பது எங்கள் வழக்கம். குடும்பம் குடும்பமாக வருவார்கள். நான் மட்டும் ஒவ்வொரு வருஷமும் தனியாகப் போவேன். அவர் திரும்பிய பிறகு வந்த முதல் திருநாளன்று அவருக்கு டூட்டி. இரண்டாம் வருஷமும் டூட்டி. மூன்றாம் வருஷமும் அப்படியே. வாட்ச்மேன் வேலை என்றால் அப்படித்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்த மூன்றாம் வருஷம், திருநாள் முடிந்து இரண்டு நாள் கழித்து, ரயிலில் ஒரு பெண் என் பக்கத்தில் நின்றாள். அவள் புருஷனும் என் வீட்டுக்காரர் கம்பெனியிலேயே வாட்ச்மேன். நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

"உங்க ஊட்டுக்காரரு தங்கமானவருக்கா. கல்லறைத் திருநாளு வந்தா அவரே கேட்டு எங்க ஆளோட டூட்டிய வாங்கிக்கிறாரு. நீ குடும்பத்தோட போய்வா, நான் பாத்துக்கறேன்றாராம். மூணு வருசமா இவருக்கு அன்னிக்கு லீவுதான்."

கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கும்மிடிப்பூண்டி வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள், ஒன்றும் காதில் ஏறவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று தெரியாமல், டூட்டி டூட்டி என்று ஊர் முழுக்கச் சொல்லி அவருக்காக வருத்தப்பட்டவள் நான். அன்று எத்தனை பெட்டியில் சீட்டைத் தலைகீழாக ஒட்டினேனோ தெரியாது.

ஞாயிறு வரை பொறுத்திருந்தேன். வீட்டில் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். பாலத்தில் பாதி தூரம் அவரோடு நடந்து, நடுவில் நின்றுவிட்டேன். அவர் இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நின்னுட்ட? பாலத்து மேல நிக்காத, வா."

"கல்லறைத் திருநாளுக்கு நீங்களே கேட்டு டூட்டி வாங்கினீங்களா?"

பதில் இல்லை.

"மூணு வருசமும் நீங்களே கேட்டு வாங்கினதா?"

"ஆமா."

எப்போதும் வாங்க, போங்க என்றுதான் அவரோடு பேசுவேன். அன்று அந்த மரியாதை நாக்கில் நிற்கவில்லை.

"பெத்த பொண்ணு எப்படி செத்திச்சின்னு ஒரே ஒரு வாட்டி கேட்டியாய்யா நீ? எங்க பொதச்சாங்கன்னு கேட்டியா? கூரைய மாத்துன்னு எழுதுன. நான் மாத்திட்டேன். அப்புறம் இன்னா?"

அவர் ஓடைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகரப் போவதில்லை என்று புரிந்திருக்க வேண்டும். பேச ஆரம்பித்தபோது குரல் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

"லீவுல வந்து உன்னப் பாத்தேன். எலும்பும் தோலுமா இருந்தே. வெறுந்தூளிய பாத்துக்கினே குந்திக்கினு இருந்தே. நானும் உன்னோட குந்திட்டா இன்னா ஆவறது? நீ அழுவறத பாத்து நான் அழுவேன், நான் அழுவறத பாத்து நீ அழுவே. அது ஏறிக்கினே போவும். ஊடு நிக்குமா? ஒருத்தராவது கால மாத்தி வெக்கணும்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும். பதினைந்து வருஷம் பட்டாளத்தில் பெரிய பெரிய பாலங்களைத் தாண்டியவர், அங்கே படித்ததை என் அடுப்படி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். இந்த மனிதர் கல்நெஞ்சுக்காரர் என்று ஒன்பது வருஷம் நினைத்திருந்தேன். கல்நெஞ்சு இல்லை, முட்டாள்தனம். எது மோசம் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியவில்லை.

"அதுக்கு நூறு பேரு வேணும்னு நீதானய்யா சொன்ன? நாம எத்தினி பேரு? ரெண்டு பேரு. ரெண்டு பேரு சேந்து நடந்து எந்தப் பாலம் உழுந்திச்சி, சொல்லு!"

எதிர்க்கரையிலிருந்து ஒரு பால்காரர் சைக்கிளைப் பாலத்தில் ஏற்றி மணி அடித்தார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி வழிவிட்டு, அப்படியே அக்கரைக்குப் போனோம்.

மண்ணில் கால் பட்ட பிறகும் அன்று அவர் கை வீசவில்லை. நான் வந்து சேரும் வரை நின்றார். "சொல்லு" என்றார்.

சொன்னேன். காய்ச்சல் இரண்டு நாள் விட்டு விட்டு அடித்ததையும், மூன்றாம் நாள் விடியும்போது கண் மேலே செருகியதையும், கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தூக்கிக்கொண்டு இந்தப் பாலத்தில் ஓடியதையும் சொன்னேன். வண்டிக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி வருவதற்கு முன்னாலேயே மடி கனத்துவிட்டது. வண்டி வந்து நின்று போனது, நான் ஏறவில்லை. அவளை முந்தானையில் மூடிக்கொண்டு திரும்பி நடந்தேன். அவசரம் எதுவும் இல்லாததால் மெதுவாகவே நடந்தேன். வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. யாரோ, "கொழந்த தூங்கிடுச்சா?" என்று கேட்டார்கள். தூங்கிடுச்சி என்று சொன்னேன்.

இடையில் அவர் ஒன்றுதான் கேட்டார். "மழ பெஞ்சுக்கினு இருந்திச்சா?"

"தூறலு."

கோயிலில் பூசை தொடங்கிவிட்டது. பாட்டுச் சத்தம் கேட்டது. நாங்கள் உள்ளே போகவில்லை. சுற்றுச்சுவரை ஒட்டிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நான் போனேன், அவர் வந்தார். போன வாரம் வைத்த செவ்வந்தி எல்லாக் கல்லறையிலும் கருகிக் கிடந்தது. பெரியவர்கள் என்றால் தலைமாட்டில் சிலுவை இருக்கும். கைக்குழந்தைகளைப் பின்சுவர் ஓரம் இடம் கிடைத்த பக்கம் வைப்பார்கள், சிலுவை வைப்பதில்லை. ஒன்பது மழையில் மேடு கரைந்து தரையோடு தரையாகியிருந்தது. நான் செதுக்கிய புல்லும் உருகிக் கிடந்த மெழுகும்தான் அடையாளம். கையைக் காட்டினேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் எதிரில் நின்றார். சல்யூட் அடிப்பாரோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன். அடித்திருந்தால் அவரை நான் மன்னித்திருக்க மாட்டேன். அவர் குனிந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் தல?" என்று கேட்டார்.

ஒன்பது வருஷம் அவரிடமிருந்து கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. எங்கள் பக்கம் அப்போது அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. மாமனார் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்; நான் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பத்து நாள் கழித்து மாமனார்தான் கூட்டிவந்து இடத்தைக் காட்டினார். அவரிடம் இதைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது அவரும் இல்லை. உபதேசியாரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். இத்தனை வருஷம் நடுவாகப் பார்த்து மெழுகுத்திரி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"தெரியலயே" என்றேன். "நைனாவத்தான் கேட்டிருக்கணும். எனக்குத் தெரியலயே."

அவர் என்னைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. சுவர்ப் பக்கமாகப் போய் மண்ணில் உட்கார்ந்தார். நான் அவரருகில் போகப் போனேன். அவர் தலையை ஆட்டி, எதிர்ப் பக்கத்தைக் காட்டினார். புரிந்துகொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். பூசை முடிந்து சனங்கள் வெளியே வருகிற வரைக்கும் அந்தக் கோடியில் அவரும் இந்தக் கோடியில் நானும் இருந்தோம், தலை எந்தப் பக்கம் இருந்தாலும் அவள் பக்கத்தில் ஒருவராவது இருக்கும்படி.